பேறுகால ஊசியும் கேளாச் செவியும்

எமது பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடைபெறும் நாட்களில், தோட்டப்புறங்களிலிருந்து வரும் தாய்மார் பெரும்பாலும் கடைசி வாங்குகளிலேயே அமர்வது வழக்கம். கலஹாப் பக்கத்து மலைகளிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துக் கண்டிக்கு இறங்கி வருபவர்கள் அவர்கள். அன்றைய சம்பளத்தை இழந்து வருபவர்களும் அவர்களே. சென்ற தவணை நடந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் முன்வரிசைக்கு வந்து, அதிலும் வலப்பக்க மூலையைத் தேர்ந்து, தலையைச் சற்றே திருப்பி அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்தபின் மகனின் தமிழ்ப் புள்ளிகளைப் பற்றி நாம் கூறியதை மறுமுறையும் சொல்லச் சொன்னார். பின்னர் கூச்சத்துடன், "வலது காது அவ்வளவா கேக்காதுங்க சேர். சின்னவன் பொறந்ததுல இருந்து இப்பிடித்தான்" என்றார்.

நாம் துருவிக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது பிள்ளைக்காக ஓர் அரசாங்க வைத்தியசாலையில் அவர் அனுமதிக்கப்பட்டார். ஓர் இரவும் மறுநாட் பகலும் நோவு நீடித்தது. மயக்கமருந்து வைத்தியர் வந்து முதுகில் ஊசி ஏற்றினார். சிறிது நேரத்தில் நோவு அடங்கியது. "சாமி மாதிரி வந்தாருங்க" என்று அந்த வைத்தியரைப் பற்றி அவர் சொன்னபோது முகத்தில் தோன்றிய நன்றி மெய்யானது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும் தலை பிளப்பது போன்ற வலி. படுத்தால் குறையும், நிமிர்ந்தால் உயிர் போகும். அதற்கடுத்த நாள் காதுக்குள் வண்டு இரைவது போன்ற ஓசை. வலப்புறத்தில் கிடந்து அழும் பிள்ளையின் குரல், பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது போலக் கேட்டதாம். விடுதியில் மிஸ்ஸியிடம் சொன்னபோது, பிள்ளை பெற்றால் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், பேசாமற் படு என்ற பதிலே கிடைத்தது. தலைவலி பத்து நாட்களில் நீங்கிற்று. இரைச்சலும் மெல்ல அடங்கிற்று. காதின் மந்தம் மட்டும் முற்றாக நீங்கவில்லை.

அவர் கடைசியாகச் சொன்னது இது: "மொதல்லயே சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன் சேர்? அந்த ஊசி இல்லாட்டி அன்னிக்கே செத்துருப்பேன். ஆனா காது ஏன் இப்பிடி ஆச்சுன்னு தெரியாம, என்னமோ புடிச்சிருச்சுன்னு எத்தன நாளு பயந்து கெடந்தேன்."

இவ்வார்த்தைகளை நாம் பல வாரங்களாக மனத்திற் சுமந்து திரிகிறோம். பிறர் துன்பத்தை நீக்க முன்வருபவர், அவ்வுதவியினால் நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டவரா? அத்தீங்கு அபூர்வமானதாயின் என் செய்வது? சொன்னால் கேட்பவள் அஞ்சுவாள் எனின் என் செய்வது? கேட்பவள் ஏழையாயின்? இந்த இறுதிக் கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எனினும் முன்னைய மூன்றுக்கும் நடைமுறையில் விடை வகுப்பது இதுவே.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். மூளையும் முண்ணாணும் ஒருவகை நீரிலே மிதந்துகொண்டிருக்கின்றன. வளர்ந்தவர் உடலில் அந்நீர் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் இருக்கும். அது வெளியேறாது காக்கும் தடித்த உறை ஒன்றுண்டு. எபிடூரல் எனப்படுவது, அவ்வுறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் வழியே பியூபிவக்கெயின் போன்ற விறைப்பு மருந்தைக் கொடுக்கும் முறை. உறையைத் துளைப்பது அதன் நோக்கமன்று. ஆயினும் வைத்தியரின் கை அங்கே கண்ணின் துணையின்றியே பெரும்பாலும் இயங்குகிறது. ஊசியின் முன்னே தடை தளர்வதை விரலால் உணர்ந்துதான் அதை நிறுத்துகிறார்கள். நோவில் நெளியும் ஒரு தாயின் முதுகில் இதைச் செய்வது எத்தகைய வேலை என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு ஊசிமுனை தவறுதலாக உறையைத் துளைத்துவிடுகிறது. எபிடூரல் ஊசி தடித்தது. ஆகவே துளையும் பெரிது. நீர் கசிகிறது, அழுத்தம் குறைகிறது. அவ்வாறு துளைக்கப்பட்டோரிற் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, நிமிர்ந்தாற் கூடிப் படுத்தாற் குறையும் அந்தத் தலைவலி உண்டாகிறது.

செவிக்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உட்செவியில் நத்தை ஓடு போற் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் இருக்கும் இரு திரவங்களுள் ஒன்று, மயிரிழை போன்ற ஒரு கால்வாயினால் மூளையைச் சூழ்ந்த நீருடன் தொடர்புற்றிருக்கிறது. அங்கே அழுத்தம் குறைந்தால் இங்கேயும் குறைகிறது. இரு திரவங்களுக்கும் இடையிலிருந்த சமநிலை குலைகிறது. தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குன்றுகிறது. காது அடைத்தது போலிருக்கும், இரைச்சல் கேட்கும். பெரும்பாலோருக்குச் சில நாட்களில், அன்றேற் சில வாரங்களில், எல்லாம் மீண்டுவிடுகின்றன. பலருக்குக் கேள்வி குன்றியதே தெரிவதில்லை. கருவி வைத்து அளந்தாற்றான் புலப்படும். மிகச் சிலருக்கு அது மீளாமற் போவதும் உண்டு. சத்திரசிகிச்சைப் பிரசவத்தின்போது முள்ளந்தண்டில் ஏற்றும் ஊசியோ உறையை வேண்டுமென்றே துளைப்பது. ஆனால் அது மிக மெல்லியது. முனை கூரிய வெட்டுவாயாக இராமற் பென்சில் முனை போல் அமைந்த ஊசிகள் வந்தபின் கசிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இதற்குப் பரிகாரமும் உண்டு. தாயின் கையிலிருந்தே சுமார் 20 மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, முதுகின் அதே இடைவெளியிற் செலுத்தினால், அது உறைந்து துளையை அடைக்கிறது. தலைவலியோடு செவியும் தெளிந்த நிகழ்வுகள் வைத்திய ஏடுகளிற் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அப்பரிகாரத்தைச் செய்வதற்கு முன்னர், அவள் சொல்வதை யாராவது ஒருவர் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

எமது மாணவனின் தாய்க்கு இன்ன காரணத்தாலேதான் காது மந்தமாயிற்று என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நாம் படித்தது தமிழ்; வைத்தியமன்று. கர்ப்ப காலத்தில் வேறு காரணங்களாலும் செவி திடீரென மந்தமாவதுண்டு. எது காரணம் என்பது ஐயமாயிருப்பதனாலேயே பரிசோதிக்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளில் அவருடைய காதை ஒருவரும் ஒரு தடவையேனும் பரிசோதிக்கவில்லை.

இது நேற்றுத் தெரியவந்த செய்தியுமன்று. 1898 ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் அவுகுஸ்ட் பீயர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், முள்ளந்தண்டில் விறைப்பு மருந்து ஏற்றும் முறையைத் தம் உடலிலேயே சோதிக்க முற்பட்டார். அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியைச் செலுத்தியபோது, ஊசியும் பீச்சுகுழாயும் சரியாகப் பொருந்தாமையால் மருந்தோடு முள்ளந்தண்டு நீரும் வழிந்தோடியது. பின்னர் பீயருக்குப் பல நாட்கள் நிமிர முடியாத தலைவலி, படுத்தாற் சுகம். நீர் வெளியேறியதே காரணமென்று அவர் ஊகித்தார். வலித்தது தம் தலையாதலால், அது வெறும் பிரமை என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்!

செவியைப் பற்றிய சான்றும் பழையதே. வான்டம், டிரிப்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் இருவர், முள்ளந்தண்டில் ஏற்றப்பட்ட 10,098 ஊசிகளின் பின்விளைவுகளை நெடுநாள் அவதானித்து, 1956 இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். நீரழுத்தம் குறைவதனால் தலைவலியோடு கண்ணுக்கும் செவிக்கும் நேரும் தொல்லைகளை அவர்கள் அதிலே விவரித்துள்ளனர். 1956 என்றதும் இந்நாட்டுத் தமிழருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. அதற்குப் பின்னர் வருவோம்.

வைத்தியர் தரப்பிலிருந்து முதலில் எழும் நியாயம் இது: எல்லாத் தீங்குகளையும் சொல்லிக்கொண்டிருந்தால் தாய்மார் அஞ்சி ஊசியை மறுப்பர், வீணாகத் துன்புறுவர். இதனை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். பேறுகால நோவைத் தணிப்பது பெண்ணினம் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமை. 1847 இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்தில் ஈதரையும் பின்னர் குளோரோபோமையும் பயன்படுத்தியபோது, நோவோடு பிள்ளை பெறுவது ஏவாளுக்கு இறைவன் விதித்தது என்று வேதத்தைக் காட்டி மறுத்தோர் இருந்தனர். 1853 இல் விக்டோரியா மகாராணியாரே தம் பிரசவத்தில் குளோரோபோமை ஏற்ற பின்னர்தான் அந்த வாதத்தின் சுருதி இறங்கலாயிற்று. மகாராணியின் நோவு நோவாகத் தெரிந்தது. ஆலைப் பெண்ணின் நோவு விதியாகத் தெரிந்தது. நம்மவரும் இதற்குக் குறைந்தவரல்லர். வலி என்ற சொல்லுக்குத் தமிழில் நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உண்டு. அவ்விரண்டையும் ஒன்றாக்கி, நோவைப் பொறுப்பதே பெண்ணுக்கு வலிமை என்று புகழ்ந்தவர்களிற் பெரும்பாலோர் பிள்ளை பெறாதவர்கள்.

ஆகவே இக்கட்டுரையை ஊசிக்கு எதிரான குரலாக எவரும் கொள்ளலாகாது. இன்றும் நம் நாட்டின் எல்லா அரசாங்க வைத்தியசாலைகளிலும் நோவு தணிக்கும் எபிடூரல் கேட்டவுடன் கிடைப்பதில்லை. அதற்கு வேண்டிய மயக்கமருந்து நிபுணர்கள் போதாது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுச் சென்றதும் நிலைமையை மோசமாக்கியது. இவ்வூசி இன்னும் பலருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே எம் விருப்பம்.

ஆனால் அச்சத்தைப் பற்றிய வாதத்தில் ஒரு பிழை உண்டு. சொல்வதனால் அச்சம் பிறக்கிறது என்று அது கொள்கிறது. நாம் கண்டது இதற்கு மாறானது. 2023 இல் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் நேர்ந்த உயிரிழப்பையடுத்துப் பியூபிவக்கெயின் மருந்தின் பாவனை நிறுத்தி வைக்கப்பட்டதைக் கண்டி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது மருந்தைப் பற்றி எழுந்த ஐயம். நாம் இங்கு பேசும் நீர்க்கசிவோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் இவ்வேறுபாட்டை மலைத் தோட்டங்களுக்குச் சென்று யார் விளக்கினார்கள்? முதுகு ஊசி என்றாலே நடுங்கும் கர்ப்பிணிகளை அதன்பின் நாம் நேரிற் கண்டோம். செய்தி வராத இடத்தில் வதந்தி வந்து அமர்ந்துகொள்கிறது. அந்தத் தாயும் தம் செவியைப் பற்றி அஞ்சிக் கிடந்தது, சொல்லப்பட்டதனாலன்று, சொல்லப்படாததனாலேயே.

இரண்டாவது நியாயம் எண்ணிக்கை பற்றியது. நூற்றில் ஒன்று, அதிலும் செவி கெடுவது ஒரு சிறு பங்கு, அதிலும் மீளாதது மிகச் சிறு பங்கு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கலாமா என்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் மாரி விட்டேக்கர் என்ற பெண்மணிக்குச் சிறு வயது முதலே வலது கண் ஏறக்குறையப் பார்வையற்றிருந்தது. 1984 இல் அக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தனர். அதன் விளைவாக நல்ல கண்ணாகிய இடது கண்ணும் நோயுற்றுப் பார்வை இழந்தது. இத்தகைய விளைவு 14,000 சிகிச்சைகளில் ஒன்றிலேதான் நேரக்கூடியதாம். ஆயினும், தம் நல்ல கண்ணுக்கு ஏதும் நேருமோ என்று அப்பெண்மணி முன்னரே திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். 1992 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அவருக்கு அதைச் சொல்லாது விட்டது தவறு என்று தீர்ப்பளித்தது. ஒரு தீங்கு எத்தனை பேருக்கு நேரும் என்பது ஒரு கணக்கு. நேர்ந்தால் அந்த ஒருவர் எதை இழப்பார் என்பது வேறு கணக்கு. ஒரு கண்ணே உள்ளவருக்கு மறு கண் நூற்றுக்கு நூறு.

பிரித்தானியாவில் மொன்ட்கொமரி என்ற தாயின் வழக்கு எம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. அவர் நீரிழிவு நோயாளி, உருவிற் சிறியவர். பிரசவத்தின்போது பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு நூற்றுக்கு ஒன்பது அல்லது பத்து. சொன்னால் சத்திரசிகிச்சையைக் கேட்பார் என்று கருதி வைத்தியர் சொல்லவில்லை. தோள் சிக்கியது, பிள்ளை அங்கவீனமுற்றது. 2015 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எதைச் சொல்ல வேண்டும் என்பதை வைத்தியர்களின் வழக்கம் தீர்மானிக்க முடியாது, அந்நிலையிலுள்ள ஒருவர் எதைப் பொருட்படுத்துவார் என்பதே அளவுகோல் என்று விதித்தது. அந்தத் தாய் மறுத்துவிடுவார் என்பதற்காகவே மறைத்தார்களெனின், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை அவர்கள் உள்ளூர அறிந்தேயிருந்தார்கள்.

மூன்றாவது நியாயத்தை எவரும் மேடையிற் சொல்வதில்லை, விடுதிகளிலேதான் சொல்வார்கள். "தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் விளங்குமா?" என்பதே அது. எமது மாணவனின் தாய் கையெழுத்திட்ட தாள் சிங்களத்தில் இருந்தது. "இதில போடுங்க" என்றதே அவருக்குத் தமிழிற் கிடைத்த முழு விளக்கம். 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் பிறந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே வந்து சேர அச்சட்டத்துக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

விளங்காது என்கிறார்களே, அந்தப் பெண்களைக் கொழுந்து நிறுக்கும் இடத்திற் சென்று பார்க்கட்டும்! சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று தராசுக்காரர் கழிக்கும் ஒவ்வொரு கிலோவையும் அவர்கள் மனக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அரைக் கிலோ குறைந்தால் அன்றைய பெயர் அரைப் பெயராகிவிடுமோ என்பதை எழுத்தறியாத கிழவியும் சொல்வாள். நூற்றில் ஒருவருக்கு இப்படி நேரலாம், நிமிர்ந்தால் தலை வலித்தாலோ காது இரைந்தாலோ உடனே சொல்லுங்கள், அதற்கு மருந்துண்டு என்று கூற ஒரு நிமிடம் போதும். இதை விளங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. அதுவும் நோவு உச்சத்திலிருக்கும்போது சொல்வதிற் பயனில்லை. மாதாமாதம் கிளினிக்குக்கு வந்து மணிக்கணக்கிற் காத்திருக்கிறார்களே, அப்போது சொல்லலாம்.

இன்னும் ஒரு வாதம் உண்டு. எம்மை மெய்யாகவே தயங்க வைத்தது அதுதான். 1940 களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இன்று அத்தொகை ஏறத்தாழ முப்பது. தென்னாசியாவில் இத்துணைக் குறைந்த நாடுகள் அரிது. இலவச வைத்தியமும், கால் நடையாகவே மலையேறி வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரும் பெற்றுத் தந்த வெற்றி அது. தோட்டத்து லயங்களுக்கு அது பிந்தியே வந்தது, ஆயினும் வந்தது. எம் பாட்டிமார் காலத்தில் பிரசவ அறைக்குட் போனவள் திரும்பி வருவாளா என்று வாசலில் நின்று அழுதார்கள். இன்று பிறப்புகள் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலையில் நிகழ்கின்றன. இத்தனை பேரைக் காப்பாற்றிய ஓர் அமைப்பிடம் போய், ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்று முறையிடலாமா? உயிர் தப்பியதே பெரிதன்றோ?

சிந்திக்கச் சிந்திக்க, இக்கேள்வியே பிழையானதென்று எமக்குப் பட்டது. இந்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தாள் என்று தனித்தனியே விசாரிக்கிறார்கள். அந்த விசாரணைகளே இறப்பைக் குறைத்ததில் ஒரு காரணம். எவரும் அந்த இறப்புகளை, மற்றவர்கள் பிழைத்தார்களே என்று விட்டுவிடவில்லை. ஆகவேதான் மற்றவர்கள் பிழைத்தார்கள். இரைச்சலும் மந்தமுமாக வீடு திரும்பியவளுக்கு அப்படி ஒரு விசாரணை கிடையாது. அவள் பிழைத்தோர் பட்டியலில் இருக்கிறாள். நன்றியுடையவள் முறையிடக்கூடாது என்ற எண்ணம் அவளுக்கும் இருக்கிறது. "சாமி மாதிரி வந்தாரு" என்று சொன்ன அதே வாயால், காதைப் பற்றி இரண்டாம் முறை கேட்க அவருக்கு நா எழவில்லை. உரிமையாகப் பெற வேண்டியதைப் பிச்சையாகப் பெறுமாறு பழக்கப்பட்ட மக்கள், கொடுத்ததில் குறை கண்டாலும் அதைச் சொல்வதில்லை.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவனை முதலில் வைக்கிறார். தீர்ப்பவனை அடுத்து வைக்கிறார். மருந்தும், உடனிருந்து அதனைக் கொடுப்பவனும் அவர்களுக்குப் பின்னரே வருகின்றனர். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது செய்யுள் ஓசைக்காக அமைந்த வரிசை என்றே இதுவரை சொல்லி வந்தோம். இனி அவ்வாறு சொல்ல மாட்டோம்.

வைத்தியர்களை மட்டும் நாம் குறை கூறினால் அது நேர்மையாகாது. ஒரே இரவில் எத்தனையோ பிரசவங்களைப் பார்க்கும் ஒரு வைத்தியர், மொழி தெரியாத ஒரு தாயிடம் ஒரு நிமிடம் நின்று பேசாததற்கு அவர் மனம் மட்டும் காரணமன்று; ஆளில்லை, நேரமில்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்காதவர்கள் வேறெங்கோ மேசைகளுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த இரைச்சலும் கேட்பதில்லை. எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்: அந்தச் சிறுவன் இரண்டாண்டுகளாக எம் வகுப்பிற் படிக்கிறான். அவன் தாய் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே மூலையில் அமர்வதைக் கண்டிருக்கிறோம். பழக்கம் என்று எண்ணியிருந்தோம்.

அன்று பாடசாலை விட்டபின், கண்டியிலுள்ள செவி வைத்தியப் பிரிவுக்குக் கொடுப்பதற்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: எந்த மாதம் ஊசி ஏற்றினார்கள், எந்த நாள் தலைவலி தொடங்கியது, எந்தக் காது, எப்போது இரைச்சல் நின்றது. ஒரு பக்கம் தமிழில். மறு பக்கத்தில், சிங்களம் கற்பிக்கும் சக ஆசிரியையொருவரைக் கொண்டு சிங்களத்தில். வாசித்துக் காட்டியபோது, "எறச்சல் பத்து நாள் இல்லீங்க சேர், பன்னண்டு நாளு" என்று திருத்தினார். திருத்தி எழுதினோம். தாளை நான்காக மடித்துப் பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் மகன் அவருடைய இடப்பக்கத்திலேயே நடந்து சென்றான்.